தாளைக் கொடுங்கள்: தமிழ்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். தமிழ்நாட்டிலிருந்து மக்களவைக்குச் சென்றிருக்கும் 39 பேருக்கும், புதுச்சேரியின் உறுப்பினருக்கும், மாநிலங்களவையில் இருக்கும் 18 பேருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். கட்சி பார்த்து எழுதவில்லை. நான் சொல்லவிருக்கும் வரலாற்றில் கறை படியாத கட்சி என்று ஒன்றைக்கூட என்னால் காட்ட முடியாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஏ பிரிவின்படி அரசு ஓர் இணையதளத்தையோ எழுத்தையோ முடக்கினால், அந்த ஆணையின் படியை எழுதியவருக்குக் கொடுத்தாக வேண்டும், பொதுமக்கள் பார்வைக்கும் வைத்தாக வேண்டும் என்று அந்தப் பிரிவைத் திருத்துங்கள் என்பதே என் கோரிக்கை. இதை ஏன் இவ்வளவு பெரிதாக நினைக்கிறேன் என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் இடம் தர வேண்டும்.

1976-இல் எனக்கு இருபது வயது. சென்னையில் ஒரு தமிழ் நாளிதழில் புரூப் பார்க்கும், அதாவது அச்சுப் பிழை திருத்தும், வேலையில் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. அவ்வாண்டு ஜனவரி 31-ஆம் நாள் கலைஞர் கருணாநிதியின் அரசு கலைக்கப்பட்டு, தமிழ்நாடு குடியரசுத் தலைவர் ஆட்சிக்குள் வந்தது. அதுவரை இங்கே சற்றே தளர்ந்திருந்த நெருக்கடி நிலைத் தணிக்கையின் பிடி, அதன் பிறகு இறுகியது. கம்பாசிட்டர்கள் அச்சுக் கோத்து முடித்ததும், மை தடவி ஈரத்தாளில் எடுத்த நீண்ட புரூப் தாள்களைச் சுருட்டிச் சைக்கிளில் தணிக்கை அலுவலகத்துக்குக் கொண்டு போவதும், அவை திரும்பி வரும்வரை அங்கே ஒரு பெஞ்சில் காத்திருப்பதும் என் வேலையோடு சேர்ந்துகொண்டன. திரும்பி வரும் தாளில் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டிருக்கும். சில நாள் இரண்டு வரி, சில நாள் ஒரு பத்தி முழுதும். ஏன் அடித்தார்கள் என்று ஒரு சொல்கூட எழுதியிருக்காது. கேட்டால், உள்ளே கேட்டுச் சொல்கிறேன் என்பார்கள். உள்ளே யார் இருந்தார்கள் என்பதைக் கடைசிவரை நான் அறிந்ததில்லை.

அலுவலகத்துக்குத் திரும்பியதும், மூத்த கம்பாசிட்டர் ஒருவர் அந்த வரிகளின் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பெட்டியில் போடுவார். பக்கத்தில் ஓட்டை விழும். அந்த ஓட்டையை அப்படியே வெள்ளையாக விடக்கூடாது என்பது கட்டளை. 1975 ஜூன் இறுதியில் வடநாட்டு ஏடுகள் சில தலையங்கத்தின் இடத்தை வெறுமையாக விட்டு எதிர்ப்பைக் காட்டிய பிறகு, வெற்றிடம் விடுவதற்கும் தடை வந்துவிட்டது. ஆகவே ஒரு சோப்பு விளம்பர பிளாக்கையோ, வாழைப்பூ வடை செய்முறையையோ அங்கே திணித்து அடைப்போம். மறுநாள் காலை தேநீர்க் கடையில் அந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவருக்கு, அங்கே வேறொன்று இருந்ததென்பதே தெரியாது. வெட்டியதைக் காட்டிலும் வெட்டிய தடத்தை அழிக்கச் சொன்னதுதான் அந்த வயதில் என்னை அதிகம் உறுத்தியது. கைதானவர்களின் பெயர்களை வெளியிட முடியாதிருந்த அந்த நாட்களில், பிப்ரவரி 3 அன்று முரசொலி, அண்ணா சதுக்கத்தில் மலர் வளையம் வைக்க வர இயலாதவர்கள் என்று தலைப்பிட்டு ஒரு பெயர்ப்பட்டியலை அச்சிட்டது. யார் யார் சிறையில் இருக்கிறார்கள் என்பதைத் தமிழ்நாடு அந்தப் பட்டியலிலிருந்து படித்துக்கொண்டது. தணிக்கையாளர் மறைக்க நினைத்த தடத்தை வாசகருக்குக் காட்டிக் கொடுத்த அந்தச் செயலை, கட்சி கடந்து நான் இன்றும் மதிக்கிறேன்.

பின்னாளில் பொதுவுடைமை நாடுகளின் தணிக்கை முறைகளைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கியபோது, அந்தச் சோப்பு விளம்பரத்தையே அங்கும் வேறு வடிவில் கண்டேன். சோவியத் ஒன்றியத்தில், ஸ்டாலினின் இரகசியக் காவல் துறைத் தலைவராக இருந்த பெரியா 1953-இல் பதவி பறிக்கப்பட்டு மரண தண்டனைக்கு உள்ளானார். அதற்கு முன்பே அச்சாகி வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்திருந்த அந்நாட்டின் பெருங்கலைக்களஞ்சியத்தின் 5-ஆம் தொகுதியில் அவரைப் புகழும் நீண்ட கட்டுரை இருந்தது. சந்தாதாரர்களுக்கு ஓர் உறை வந்தது. குறிப்பிட்ட பக்கங்களைக் கத்தரிக்கோலாலோ சவரக் கத்தியாலோ அறுத்தெடுத்துவிட்டு, உடன் அனுப்பியுள்ள பக்கங்களை அந்த இடத்தில் ஒட்டிக்கொள்ளும்படி அதில் குறிப்பு இருந்தது. புதிய பக்கங்களில் பேரிங் கடலைப் பற்றிய செய்திகளும் படங்களும் இருந்தன. ஒருவர் தன் சொந்த வீட்டில், தன் மேசை விளக்கின் கீழ் உட்கார்ந்து, தானே தணிக்கையாளராகிப் பக்கத்தை அறுத்துக் கடலை ஒட்டுகிற காட்சியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் கம்பாசிட்டரின் கை நினைவுக்கு வருகிறது.

அந்த அமைப்பு எப்படித் தொடங்கியது என்பதையும் நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். 1917 நவம்பரில், ஆட்சியைப் பிடித்த சில நாட்களிலேயே, போல்ஷெவிக் அரசு ஏடுகள் மீதான ஆணையைப் பிறப்பித்தது. இது தற்காலிக ஏற்பாடு, புதிய ஆட்சி நிலைபெற்றதும் ஏடுகள் மீதான கட்டுப்பாடுகள் எல்லாம் விலக்கப்படும் என்று அந்த ஆணையே உறுதி சொன்னது. 1922-இல் கிளாவ்லிட் என்ற தணிக்கைத் துறை நிறுவப்பட்டது. நூலோ நாளிதழோ அதன் அனுமதி எண் இல்லாமல் அச்சேற முடியாது. அப்படி ஒரு துறை வேலை செய்கிறது என்று அந்த நூலிலோ நாளிதழிலோ எழுதவும் முடியாது. தணிக்கையை ஒழிக்கும் பத்திரிகைச் சட்டம் 1990-இல்தான் வந்தது. தற்காலிகம் 73 ஆண்டுகள் நீடித்தது. ருமேனியாவில் 1983-இல் தட்டச்சுப் பொறி வைத்திருப்பவர்கள் அதைக் காவல் துறையில் பதிவு செய்து, எழுத்து மாதிரியையும் கொடுத்தாக வேண்டும் என்று ஆணை போட்டார்கள்.

இவை எல்லாம் அரசமைப்புச் சட்டத்தில் பேச்சுரிமை எழுதப்பட்டிருந்த நாடுகளே. 1936-ஆம் ஆண்டின் சோவியத் அரசமைப்பின் 125-ஆம் பிரிவு பேச்சுரிமையையும் பத்திரிகை உரிமையையும் வழங்கியது. இன்றைய சீன அரசமைப்பின் 35-ஆம் பிரிவும் பேச்சு, அச்சு, கூட்டம், சங்கம், ஊர்வலம் என்று வரிசையாக உரிமைகளை அடுக்குகிறது. நம் அரசமைப்பின் 19(1)(அ) பிரிவை அதன் அருகில் வைத்து, நாடு தெரியாத ஒருவரிடம் காட்டி, இவற்றில் எது சுதந்திர நாட்டினுடையது என்று கேட்டால் அவரால் சொல்ல முடியாது. எழுத்தில் வேறுபாடு இல்லை. வேறுபாடு அந்த எழுத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, ஆட்சியின் சொல்லுக்குக் கட்டுப்படாத ஒரு நீதிபதியின் முன் போய் நிற்க முடியுமா என்பதில் இருக்கிறது.

வுகான் நகரின் மத்திய மருத்துவமனையில் கண் மருத்துவராக இருந்த லீ வென்லியாங்கின் கதையை நீங்கள் எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2019 டிசம்பர் 30 அன்று, தம்முடன் மருத்துவம் படித்த நண்பர்களின் குழுவில், சார்ஸ் போன்ற நோய் பரவுகிறது, எச்சரிக்கையாக இருங்கள் என்று அவர் செய்தி அனுப்பினார். 2020 ஜனவரி 3 அன்று காவல் நிலையத்துக்கு அழைக்கப்பட்டார். பொய்ச் செய்தி பரப்பிப் பொது ஒழுங்கைக் குலைத்ததாக எழுதிய எச்சரிக்கைத் தாள் ஒன்றை அவர் முன் வைத்தார்கள். இனி இப்படிச் செய்யாமல் இருக்க முடியுமா என்ற கேள்வியின் கீழ், முடியும் என்றும், மீறினால் சட்டப்படி தண்டிக்கப்படுவாய் என்பது புரிந்ததா என்ற கேள்வியின் கீழ், புரிந்தது என்றும் தம் கையால் எழுதிச் சிவப்பு மையில் விரல் ரேகை பதித்தார். பின்னர் அந்த நோய் அவரையே பிடித்தது. மருத்துவமனைப் படுக்கையில் இருந்தபடி, ஜனவரி 31 அன்று அந்தத் தாளின் படத்தை அவர் வெளியிட்டார். பிப்ரவரி 7 அன்று இறந்தார். அன்றிரவு சீனச் சமூக வலைத்தளங்களில் தங்களுக்குப் பேச்சுரிமை வேண்டும் என்று மக்கள் எழுதிய பதிவுகள் சில மணி நேரத்துக்குள் அகற்றப்பட்டன. அடுத்த மாதம் அரசு விசாரணை நடத்தி, எச்சரிக்கைத் தாள் தவறு என்று அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. முத்திரையும் நாளும் போட்ட தாள் அந்த மருத்துவரின் கையில் இருந்தது. ஆனால் அதை எடுத்துக்கொண்டு போக அவருக்கு ஒரு நீதிமன்றம் இல்லை.

இனி நம் நாட்டுக்கு வருகிறேன். மக்களவையில் உங்களில் நால்வர் பொதுவுடைமைக் கட்சிகளைச் சேர்ந்தவர்கள். அவர்களிடம் தனியாகச் சில வார்த்தைகள் பேச அனுமதி வேண்டும்.

தோழர்களே, சேலம் சிறையில் 1950 பிப்ரவரி 11 அன்று உங்கள் இயக்கத்தைச் சேர்ந்த 22 கைதிகள் சுட்டுக் கொல்லப்பட்டதை உங்களுக்கு நான் நினைவூட்டத் தேவையில்லை. அதற்கு மூன்று வாரத்துக்குள், மார்ச் 1 அன்று, சென்னை மாகாணத்தின் காங்கிரஸ் அரசு, ரொமேஷ் தாப்பர் பம்பாயிலிருந்து நடத்திவந்த கிராஸ் ரோட்ஸ் என்ற இடதுசாரி வார ஏடு மாகாணத்துக்குள் நுழையக்கூடாது என்று ஆணையிட்டது. அந்த ஆணை அரசிதழில் வெளியானது. யார் போட்டது, எந்தச் சட்டத்தில் போட்டது என்பது எல்லோருக்கும் தெரிந்தது. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு தாப்பர் நேரே உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அரசமைப்பு நடைமுறைக்கு வந்து நான்கே மாதமாகியிருந்த 1950 மே 26 அன்று, தடை செல்லாது என்று தீர்ப்பு வந்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய பதஞ்சலி சாஸ்திரி, சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞராகவும் நீதிபதியாகவும் இருந்தவர். பொதுவுடைமைக் கொள்கையோடு அவருக்கு எந்த உறவும் கிடையாது. இந்தியக் குடிமக்கள் அனைவருக்கும் இன்று பேச்சுரிமைக்கு அடிப்படையாக இருக்கும் அந்த முதல் தீர்ப்பு, பொதுவுடைமைச் சார்புள்ள ஓர் ஏட்டால் கிடைத்தது. இதை நீங்கள் மேடைதோறும் பெருமையோடு சொல்ல வேண்டும். சொல்லும்போது, ஆளும் கட்சியை எதிர்த்து எழுதும் ஓர் ஏடு பெய்ஜிங்கிலோ ஹனோயிலோ ஹவானாவிலோ இப்படி நீதிமன்றம் போய் வெல்ல முடியாது என்ற உண்மையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2008-இல் சீர்திருத்தம் கோரிய ஒரு சாசனத்தை எழுதி வெளியிடுவதில் பங்கேற்றதற்காகச் சீன எழுத்தாளர் லியு சியாவ்போவுக்கு 11 ஆண்டு சிறை விதித்ததைச் சோஷலிசத்தின் பெயரால் நியாயப்படுத்திவிட்டு, இங்கே நம் அரசு ஓர் எழுத்தாளரைச் சிறை வைக்கும்போது எதிர்த்துக் குரல் கொடுத்தால், அந்தக் குரலில் பாதி வலு போய்விடுகிறது. உங்கள் மீது எனக்குள்ள மதிப்பினால்தான் இதைச் சொல்கிறேன். பிறர் எழுதுவதை வெளியிடும் இணைய நிறுவனங்களுக்கான 2011-ஆம் ஆண்டின் இடைநிலையாளர் விதிகளை நீக்கக் கோரி, மறு ஆண்டு மே மாதம் மாநிலங்களவையில் தீர்மானம் கொண்டுவந்தவர் மார்க்சிஸ்ட் கட்சியின் கேரள உறுப்பினர் பி. ராஜீவ் என்பதை நான் மறக்கவில்லை. தீர்மானம் தோற்றது. ஆனாலும் அன்று அவையில் அந்தக் கேள்வி எழுந்தது.

மற்ற கட்சிகளின் உறுப்பினர்களும் இந்தக் கதையில் வெளியாட்கள் அல்லர். கிராஸ் ரோட்ஸ் தீர்ப்பு வந்து பதின்மூன்று மாதத்துக்குள், 1951 ஜூனில், நேரு அரசு அரசமைப்பின் முதல் திருத்தத்தைக் கொண்டுவந்து, பொது ஒழுங்கு உள்ளிட்ட புதிய காரணங்களைப் பேச்சுரிமையின் வரம்புகளில் சேர்த்தது. அத்திருத்தத்திலேயே கட்டுப்பாடுகள் நியாயமானவையாக இருக்க வேண்டும் என்ற சொல்லும் நுழைந்தது, அதுவே பின்னாளில் பல வழக்குகளில் குடிமக்களைக் காத்தது. நெருக்கடி நிலையை அறிவித்தது காங்கிரஸ். நான் இன்று திருத்தக் கோரும் 69-ஏ பிரிவைச் சட்டத்தில் சேர்த்த மசோதா, 2008 டிசம்பரில் ஐக்கிய முற்போக்குக் கூட்டணி ஆட்சியில், இரு அவைகளிலும் விவாதமே இல்லாமல் நிறைவேறியது. தகவல் தொழில்நுட்பத் துறையின் அமைச்சராக அன்று இருந்தவரும் தமிழ்நாட்டிலிருந்து சென்ற தி.மு.க. உறுப்பினரே. அ.இ.அ.தி.மு.க. ஆட்சியில் நடந்ததைச் சற்று நேரத்தில் சொல்கிறேன். இன்று மத்தியில் ஆளும் பாரதிய ஜனதா கட்சியின் அரசு, அன்று தீட்டிக் கொடுத்த அதே ஆயுதத்தை இன்னும் வேகமாகச் சுழற்றுகிறது. அரசே நாடாளுமன்றத்தில் கொடுத்த கணக்கின்படி, 2018-இல் 2,799 இணைய முகவரிகள் முடக்கப்பட்டன. 2020-இல் அந்த எண்ணிக்கை 9,849. இந்த எண்ணைத் தவிர, எந்த முகவரி, எந்தக் காரணம் என்ற எதுவும் அவைக்கு வைக்கப்படவில்லை.

ஏன் வைக்கப்படவில்லை என்றால், 2009-இல் இயற்றப்பட்ட இணையத் தடை விதிகளின் 16-ஆவது விதி அதைத் தடுக்கிறது. வந்த கோரிக்கைகள், புகார்கள், அவற்றின்மீது எடுத்த நடவடிக்கைகள் ஆகிய எல்லாவற்றிலும் கண்டிப்பான இரகசியம் காக்கப்பட வேண்டும் என்பதே அதன் பொருள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்க் கேட்டாலும் இந்த விதியைக் காட்டியே கதவைச் சாத்துகிறார்கள். முடக்குவது சரியா என்று முதலில் ஆராயும் குழு முழுக்க அரசு அதிகாரிகளைக் கொண்டது. அதன் முடிவை மறு ஆய்வு செய்யும் குழுவில் அமைச்சரவைச் செயலாளரும் இரண்டு துறைச் செயலாளர்களும் இருக்கிறார்கள். நீதிபதி ஒருவர்கூட இல்லை, எதிர்க்கட்சியைச் சேர்ந்தவர் இல்லை, வெளியார் எவரும் இல்லை. 8-ஆவது விதியின்படி எழுதியவருக்கு அல்லது இடைநிலை நிறுவனத்துக்கு அறிவிப்பு அனுப்பினால் போதும். அந்த ‘அல்லது’ என்ற ஒற்றைச் சொல்லின் வழியாகத்தான் எழுதியவர் வெளியே தள்ளப்படுகிறார். நிறுவனத்துக்கு மட்டும் கடிதம் போய்விட்டால், எழுதியவருக்கு ஒன்றும் தெரியாது.

2015 மார்ச் 24 அன்று ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம், இணையத்தில் புண்படுத்தும்படி எழுதினால் சிறை என்ற 66-ஏ பிரிவைச் செல்லாததாக்கிய அதே தீர்ப்பில், 69-ஏ பிரிவை நிலைநிறுத்தியது. அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, தடைக்கான காரணங்கள் எழுத்தில் பதிவு செய்யப்படுகின்றன, ஆகவே பாதிக்கப்பட்டவர் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுவோடு அவற்றை எதிர்க்க முடியும் என்பது. எழுத்தில் இருக்கும் காரணம் இரகசியப் பெட்டியில் பூட்டப்பட்டிருந்தால், அதை எப்படி எதிர்ப்பது? வரதட்சணை வழக்கத்தை எள்ளி நகையாடுவதற்காக ஒருவர் நடத்திவந்த இணையதளம் 2018-இல் முடக்கப்பட்டது. ஏன் என்று அவர் கேட்டபோது, இரகசியம் என்று பதில் வந்தது. 69-ஏ பிரிவு சொல்லும் காரணங்கள் நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, அயல்நாட்டு உறவு, பொது ஒழுங்கு போன்றவை. வரதட்சணையைக் கேலி செய்வதில் இவற்றில் எது குலைந்தது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. 2022 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றம், ஆணையின் படியை அவருக்குக் கொடுங்கள், அவர் தரப்பையும் கேளுங்கள் என்று உத்தரவிட்ட பிறகே அந்தத் தாள் அவர் கைக்கு வரும் வழி திறந்தது. வுகான் மருத்துவரிடம் தாள் இருந்தது, நீதிமன்றம் இல்லை. நம்மிடம் நீதிமன்றம் இருக்கிறது, எடுத்துப் போகத் தாள் இல்லை.

தமிழ் வாசகர்களுக்கு இன்னும் அருகில் ஒன்றைச் சொல்கிறேன். 1987-இல், ஆனந்த விகடன் அட்டையில் வெளியான ஒரு நகைச்சுவைப் படம், சட்டமன்ற உறுப்பினர்களையும் அமைச்சர்களையும் இழிவுபடுத்துவதாகக் கூறி, ஏப்ரல் 4 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் அதன் ஆசிரியர் எஸ். பாலசுப்பிரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. அது கொடுமையான தண்டனை. ஆனால் திறந்த அவையில், பேரவைத் தலைவரின் வாயால், நாடே கேட்க அறிவிக்கப்பட்டது. அதனால்தான் மூன்றே நாளில், எழுந்த எதிர்ப்பைத் தாங்க முடியாமல் அவரை விடுவிக்க வேண்டியதாயிற்று. பின்னர் அவர் வழக்குத் தொடுத்து வென்று, அடையாளமாக 1,000 ரூபாய் இழப்பீடும் பெற்றார். அதே நிறுவனத்தின் இணைய இதழில் 2025 பிப்ரவரி 10 அன்று, அமெரிக்காவிலிருந்து இந்தியர்கள் விலங்கிட்டுத் திருப்பி அனுப்பப்பட்டது பற்றி, பிரதமர் விலங்கோடு அமர்ந்திருப்பதாக ஒரு கேலிச்சித்திரம் வந்தது. 15-ஆம் நாள் மாலை, விகடன் தளம் பலருக்குத் திறக்கவில்லை. எங்கள் வீட்டில் முதலில் வைஃபை பழுது என்று நினைத்து மோடத்தை அணைத்துப் போட்டோம். பிறகு என் பேத்தி தன் கைப்பேசியில் முயன்று பார்த்து, மற்ற தளங்கள் எல்லாம் திறக்கின்றன தாத்தா, இது மட்டும்தான் வரவில்லை என்றாள். திரையில் இணைப்புக் கிடைக்கவில்லை என்ற பொருளில் வழக்கமான ஒரு பிழைச் செய்தி நின்றது. யார் தடுத்தார், எந்த ஆணையால் தடுத்தார் என்று அதில் ஒன்றுமில்லை. அந்தப் பிழைச் செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஐம்பது ஆண்டுக்கு முந்தைய சோப்பு விளம்பரம் என் கண்முன் வந்தது. அரசிடமிருந்து தங்களுக்கு எந்த அறிவிப்பும் வரவில்லை என்று அந்நிறுவனம் அன்று சொன்னது. குழுவின் விசாரணை அதற்குப் பிறகே நடந்தது. மார்ச் 6 அன்று சென்னை உயர் நீதிமன்றம், அந்தப் படத்தைத் தற்காலிகமாக நீக்கினால் தளத்தின் தடையை விலக்க வேண்டும் என்று இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. ஒரு படத்தின் பெயரால் ஏறத்தாழ மூன்று வாரம் ஒரு முழுத் தளம் இருட்டில் கிடந்தது.

பெரிய நிறுவனத்துக்கு வழக்கறிஞர்கள் உண்டு, வாசகர்கள் உண்டு, சட்டமன்றத்தில் பேச ஆள் உண்டு. ஊரில் மணல் கொள்ளையைப் பற்றிக் காணொளி போடும் ஓர் இளைஞனின் பக்கம் மறைந்தால், அவன் தன் கணக்கைத்தான் சந்தேகப்படுவான்.

தடை செய்யவே கூடாது என்று நான் சொல்லவில்லை. குழந்தைகளைச் சீரழிக்கும் படங்களும், ஒரு சாதியையோ மதத்தையோ கொல்லத் தூண்டும் பதிவுகளும் முடக்கப்பட வேண்டியவையே. ஆணையை வெளியிட்டால் தடுத்த செய்திக்கே விளம்பரமாகிவிடும் என்று அதிகாரிகள் சொல்வார்கள். செய்தியை வெளியிட வேண்டாம். ஆணையின் எண், நாள், பிறப்பித்த அதிகாரியின் பதவி, சட்டப் பிரிவு, காரணம் ஆகியவற்றை வெளியிடலாம். உண்மையிலேயே நாட்டின் பாதுகாப்பைத் தொடும் பகுதி இருந்தால், அதை மட்டும் மறைத்து மீதியைக் கொடுக்கலாம். இணையத்தையே துண்டிக்கும் ஆணைகளை வெளியிட்டாக வேண்டும் என்று 2020 ஜனவரி 10 அன்று, காஷ்மீர் இணையத் துண்டிப்பை எதிர்த்த அனுராதா பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஒரு மாநிலத்துக்கே இணையத்தை வெட்டும் ஆணையைக் காட்டலாம், ஒரு தளத்தை வெட்டும் ஆணையைக் காட்டக்கூடாது என்பதில் என்ன நியாயம் இருக்கிறது?

வேறு மக்களாட்சி நாடுகளும் தவறியிருக்கின்றன. அமெரிக்காவில் 1962-இல் வந்த ஒரு சட்டத்தின்படி, சீனா போன்ற நாடுகளிலிருந்து வரும் பொதுவுடைமைப் பிரசார ஏடுகளை அஞ்சல் துறை நிறுத்தி வைத்துக்கொண்டு, பெறுநருக்கு ஓர் அட்டையை அனுப்பியது. எனக்கு அந்த ஏடு வேண்டும் என்று அவர் அட்டையில் குறித்துத் திருப்பி அனுப்பினால்தான் கொடுப்பார்கள். அப்படிக் குறித்தவரின் பெயர் எங்கே பதிவாகும் என்ற அச்சமே பலரைத் தடுத்துவிடும். ஒருவர் அட்டையைத் திருப்பி அனுப்பாமல் வழக்குப் போட்டார். 1965-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அந்தச் சட்டத்தைச் செல்லாததாக்கியது. அவர் கையில் அந்த அட்டை இருந்தது என்பதை மட்டும் கவனியுங்கள்.

ஆகவே உங்களிடம் நான் வேண்டுவது இது. வெள்ளிக்கிழமைப் பிற்பகல்களில் தனிநபர் மசோதாக்களுக்கு நேரம் ஒதுக்கப்படுகிறது. 69-ஏ பிரிவைத் திருத்தும் மசோதா ஒன்றை உங்களில் ஒருவர் கொண்டு வாருங்கள். மற்றவர்கள் கட்சி பாராமல் ஆதரியுங்கள். எழுதியவர் யாரென்று தெரிந்தால் அவருக்கும் நிறுவனத்துக்கும் தனித்தனியே அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்றும், அவசரத் தடையாயினும் ஆணையின் படி சில நாட்களுக்குள் எழுதியவருக்குப் போய்ச் சேர வேண்டும் என்றும், முடக்கப்பட்ட பக்கத்தைத் திறக்கும் வாசகரின் திரையில் இது இன்ன ஆணையின்படி தடுக்கப்பட்டது என்று தமிழிலும் தெரிய வேண்டும் என்றும் அதில் எழுதுங்கள். மறு ஆய்வுக் குழுவில் ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரையாவது சேருங்கள். தனிநபர் மசோதாக்கள் நிறைவேறுவது அரிது என்பது எனக்குத் தெரியும். ஆனால் 2008-இல் விவாதமே இல்லாமல் போன ஒரு பிரிவுக்கு, ஒரு வெள்ளிக்கிழமையாவது விவாதம் கிடைக்கும். அமைச்சர் எழுந்து, ஏன் இரகசியம் வேண்டும் என்று அவைக் குறிப்பில் பதிவாகும்படி சொல்ல வேண்டியிருக்கும்.

இந்த மடலின் படி ஒவ்வொன்றையும் உங்கள் தொகுதி அலுவலகங்களுக்கும் டெல்லி முகவரிகளுக்கும் விரைவு அஞ்சலில் அனுப்புகிறேன். ஆதரிப்பதானாலும் மறுப்பதானாலும் காரணத்தோடு, உங்கள் கையொப்பத்தோடு, எழுத்தில் பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புரூப் ரீடர் ஒருவர்,
சென்னை